அட்வைஸ், ப்ராக்டிஸ், லைசென்ஸ்: எங்கே சி, எங்கே எஸ்?

அட்வைஸ், ப்ராக்டிஸ், லைசென்ஸ் என்ற ஆங்கிலச் சொற்களின் ஸ்பெல்லிங்கில் எப்போது சி, எப்போது எஸ் என்று கேட்டிருந்தீர்கள். பெயர்ச்சொல் என்றால் சி, வினைச்சொல் என்றால் எஸ். நீங்கள் கேட்ட மூன்று சொற்களுக்கும் விடை இவ்வளவுதான். பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம், ஆனால் மெயில் அடிக்கும்போது கைக்கு வராது. கோளாறு கையில் இல்லை, காதில் இருக்கிறது என்பேன்.

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் பையர்களுக்கு, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு, போகும் மெயில்களைப் பார்த்து அனுப்புவது என் வேலை. இந்தத் தொழிலில் எதைக் கேட்டாலும் ‘ப்ளீஸ் அட்வைஸ்’ என்றுதான் முடிப்பார்கள். லேப் டிப் (நிறம் பார்க்கச் சாயமிட்ட மாதிரித் துணி) அனுப்பியாச்சு, ஏ-வா பி-யா, ப்ளீஸ் அட்வைஸ். 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) கேட்டீர்கள், துணி 170 தான் வருகிறது, ப்ளீஸ் அட்வைஸ். பையரைப் பார்த்து ‘சொல்லுங்கள்’ என்கிறோம், ஆகவே அது வினை, எஸ் வேண்டும். வந்து விழுவதோ பெரும்பாலும் சி. ஆர்டர்களைக் கவனிக்கப் புதிதாகச் சேர்ந்த மெர்ச்சண்டைசர் பெண்ணிடம் திருத்திக் காட்டினால், “ஏனுங்க்கா, படிச்சா ரெண்டும் ஒண்ணுதானுங்களே?” என்கிறாள்.

நம் வாயில் ஒன்றுதான், ஆங்கிலக்காரர் வாயில் இல்லை. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். சி போட்ட அட்வைஸ் வெறும் காற்றாக முடியும். எஸ் போட்டதில் கடைசி ஒலி இசட் மாதிரி, தொண்டை அதிரும். தமிழில் அந்த ஒலிக்கு எழுத்தே இல்லாததால் இரண்டையும் ‘ஸ்’ என்றே கேட்டுப் பழகிவிட்டோம். டிவைஸ் என்பதும் இப்படித்தான்: கருவி என்றால் சி, திட்டம் போடுவது என்றால் எஸ்.

இது ஆங்கிலத்தின் பழைய பழக்கம். பெயர் வல்லொலியில் முடியும், வினை மெல்ல அதிர்ந்து முடியும். பிலீஃப் என்ற பெயருக்கு எஃப், பிலீவ் என்ற வினைக்கு வி. ப்ரூஃப், ப்ரூவ் அப்படியே. மூச்சு ப்ரெத், மூச்சு விடுவது ப்ரீத், எழுதும்போது கடைசியில் ஒரு இ சேரும். யூஸ் என்ற சொல்லில் எழுத்து மாறாமல் ஒலி மட்டும் மாறும். நமக்கு இது அந்நியமும் இல்லை. பாடு என்ற வினையில் டு மெலிந்து ஒலிக்கிறது, பாட்டு என்ற பெயரில் அழுத்தி ஒலிக்கிறது. எழுது, எழுத்து, விளையாடு, விளையாட்டு. யாரும் சொல்லித்தராமலே நாம் சரியாகச் சொல்கிறோம்.

சிக்கல் ப்ராக்டிஸிலும் லைசென்ஸிலும்தான். இவை எப்படி எழுதினாலும் ஒலி ஒன்றே, காது உதவாது. அங்கே சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் அட்வைஸைப் போட்டுப் பாருங்கள். ‘அறிவுரை’ என்ற பொருளில் பொருந்தினால் சி, ‘அறிவுரை சொல்’ என்று பொருந்தினால் எஸ். வாக்கியம் அபத்தமாக இருக்கும், பரவாயில்லை, எழுத்து சரியாக வந்துவிடும்.

உங்கள் பர்ஸில் இருக்கும் டிரைவிங் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள், சி இருக்கும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்திலும் அப்படித்தான். ஆனால் லைசென்ஸ்டு சர்வேயர் என்ற போர்டில் எஸ் இருந்தால் அதைத் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். உரிமம் வழங்கப்பட்டவர் என்பது வினையிலிருந்து வந்தது. எல்சி, அதாவது பையர் சார்பில் வங்கி தரும் பண உத்தரவாதக் கடிதம், பார்ப்பவர்களுக்கு இன்னொரு உதாரணம்: எல்சி வந்திருப்பதை நமக்குத் தெரிவிக்கும் அட்வைசிங் பேங்குக்கு எஸ், பணம் வந்ததும் கிடைக்கும் பேமென்ட் அட்வைஸ் தாளுக்கு சி.

லூஸ் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். செக்கிங் டேபிளில் லூஸ் த்ரெட் என்று எழுதுகிறோமே, அதற்கு இரண்டு ஓ. ஆர்டரை இழப்பதற்கு ஒரே ஓ, ஒலியும் இசட். அப்புறம் டையிங். சாயத்துக்கு இ அவசியம். அந்த இ விழுந்தால் ‘செத்துக்கொண்டிருக்கும் யூனிட்’ என்று ஆகிவிடும். சாயக் கழிவு கலந்து கெட்டுப்போன நொய்யல் ஆற்றுப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மேலே சொன்னது பிரிட்டிஷ் வழக்கம், இந்தியாவிலும் அதுதான். அமெரிக்காவில் ப்ராக்டிஸுக்கு எப்போதும் சி, லைசென்ஸுக்கு எப்போதும் எஸ், பெயரா வினையா என்ற பேச்சே கிடையாது. அட்வைஸும் டிவைஸும் மட்டும் அங்கேயும் நம் மாதிரியே பிரியும். அதனால் அமெரிக்க பையர் லைசென்ஸுக்கு எஸ் போட்டு அனுப்பினால் திருத்தப் போகாதீர்கள். உங்கள் கம்ப்யூட்டர் ப்ராக்டிஸ் என்ற வினைக்கு எஸ் போட்டதும் சிவப்புக் கோடு இழுக்கிறதா? ஸ்பெல்லிங் செட்டிங்கில் மொழி அமெரிக்க ஆங்கிலமாக இருக்கும். இந்திய ஆங்கிலத்துக்கோ பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கோ மாற்றிவிடுங்கள்.