ஆயில் நாமளே மாத்தலாமா?

கேள்வி: வணக்கம்ங்கண்ணா. அப்பா ஓட்டிட்டிருந்த வேகன் ஆர் இப்ப என் கையில இருக்கு, எட்டு வருஷ வண்டி, வாரண்ட்டியெல்லாம் எப்பவோ முடிஞ்சுது. போன சர்வீஸுக்கு ஏழாயிரத்துச் சொச்சம் ஆச்சு, பில்லைப் பாத்தா பாதிக்கு மேல ஆயில், ஃபில்டர், லேபர் இதுதான். வீட்டுலயே நானே செஞ்சுக்கலாமா? அம்மா வேண்டாம்னு திட்றாங்க.
- வாசகி, நாமக்கல்

பதில்: தாராளமா செய்யுங்கம்மா, ஆனா எல்லாத்தையும் இல்ல. தப்பாப் போனா வண்டி கிளம்பாதுங்கற வேலையில நீங்க கை வைக்கலாம், தப்பாப் போனா வண்டி நிக்காதுங்கற வேலைய மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க. இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், வைப்பர், பேட்டரி டெர்மினல் சுத்தம் பண்றது எல்லாம் முதல் ரகம். பிரேக், ஸ்டியரிங் ரெண்டாவது.

பிரேக்னதும் ஒண்ணு கேக்கணும், அப்பா வண்டிக்கு பிரேக் ஆயில் எப்ப மாத்துனது? அது காத்துல இருக்கற ஈரத்தைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். டாட் 4-ங்கற ரகத்துப் புது பிரேக் ஆயில் 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறுனது 155-லயே கொதிச்சிரலாம். உங்க ஊர்ல இருந்து கொல்லிமலை போனா 70 கொண்டை ஊசி, இறங்கும்போது பிரேக் மிதிச்சு மிதிச்சு சூடேறி ஆயில்ல குமிழ் விழுந்துச்சுன்னா பெடல் அப்படியே தரைக்குப் போயிரும். ரெண்டு வருஷம் தாண்டியிருந்தா இந்த வாரமே கடையில விட்டு மாத்திருங்க.

இப்ப ஆயில். எந்த கிரேடு, எத்தனை லிட்டர்னு மேனுவல்ல போட்டிருக்கும், அதையே வாங்குங்க. லாரி ஊர்ல இருக்கீங்க, ஸ்பேர் கடைக்கா பஞ்சம்? வெளிக்கடையில வாங்கறது தப்போன்னு தயங்காதீங்க, ஸ்பேர் பார்ட்ஸை வெளிய விடாம கட்டிப்போட்டதுக்குத்தான் 2014-ல கம்பெனிகள் நியாயமா போட்டி போடுதான்னு பாக்கற இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடிக்கு மேல அபராதமே போட்டுச்சு. இன்ஜினை அஞ்சு நிமிஷம் ஓட விட்டு ஆஃப் பண்ணுங்க, வெதுவெதுப்பா இருந்தா ஆயில் நல்லா இறங்கும், ரொம்ப சூடுன்னா கை வெந்துரும். இன்ஜின் அடியில ஆயில் இறக்கறதுக்குன்னு இருக்கற ட்ரெயின் போல்ட்டைக் கழட்டி, பழைய ஆயில் சொட்டு நிக்கற வரைக்கும் விட்டுட்டு, அதே போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு முறுக்குங்க, ரொம்ப முறுக்குனா மரை போயிரும்.

ஃபில்டர்ல தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. கழட்டுனதும் பழைய ஃபில்டரத் திருப்பி ரப்பர் வளையம் அதுலயே இருக்கான்னு பாருங்க. என் வண்டிய ஒரு கடையில சர்வீஸ் விட்டப்போ பழைய ரப்பர் இன்ஜின்லயே ஒட்டியிருந்திருக்கு, பாக்காம அது மேலயே புதுசை மாட்டிட்டாங்க, நாலு கிலோமீட்டர்ல ஆயில் லைட் எரிஞ்சுது, இறங்கிப் பாத்தா ரோட்டுல கருப்பா கோடு. புது ரப்பர்ல விரலால கொஞ்சம் ஆயில் தடவி, கையாலயே சுத்தி, ரப்பர் தொட்டதுக்கப்புறம் முக்கால் சுத்து, போதும். ஆயில் ஊத்தி ஒரு நிமிஷம் ஓட விட்டு, அடியில ஒழுகுதான்னு பாத்து, கொஞ்ச நேரம் கழிச்சு ஆயில் அளவு பாக்கற கம்பிய, அதான் டிப்ஸ்டிக்கை, எடுத்துப் பாருங்க, ஆயில் ரெண்டு குறிக்கு நடுவுல நிக்கணும், மேல போனாலும் கெடுதல்தான்.

பழைய ஆயிலை தயவுசெஞ்சு சாக்கடையில ஊத்தாதீங்க, கேன்ல புடிச்சு பழைய ஆயில் சேத்து வைக்கற ஒர்க்‌ஷாப்ல குடுங்க.

அம்மா பயப்படறதுலயும் நியாயம் இருக்கும்மா. வெறும் ஜாக்கிய நம்பி அடியில போகவே கூடாது, அது நழுவுனா தப்பிக்க நேரமே இருக்காது. சமமான சிமெண்ட் தரையில நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் வீலுக்குக் கல்லு வச்சு, முன்னாடி ரெண்டு பக்கமும் ஜாக்கி ஸ்டாண்ட், அதாவது தூக்கின வண்டியத் தாங்கற இரும்புக் கால், குடுத்து, ஒரு தடவை நல்லா ஆட்டிப் பாத்துட்டு அப்புறம் படுங்க. அம்மாவையும் கூப்பிட்டு டார்ச் புடிக்கச் சொல்லுங்க, நீங்க அடியில இருக்கறப்ப யாரும் வந்து வண்டியத் தொட்டுராம பாத்துக்க ஒரு ஆள் வேணும்.