உப்புக் காற்றில் கேமிங் கணினி: கேள்வி பதில்

ராமநாதபுரத்தில் கணினி அசெம்பிள் செய்து தருவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை கடலோர வீடுகளில் ஓடும் பெட்டிகள்தான் பெரும்பாலும் என் மேசைக்கு வருகின்றன. குறைந்த பணத்தில் கேமிங் கணினி கட்டுவது பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்றேன், நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது. 2025 கடைசியில் ரேம் விலை ஏறியது எல்லோருக்கும் தெரியும். அதனால் ரூபாயைவிட, எதற்கு எவ்வளவு பங்கு ஒதுக்கலாம் என்பதையே சொல்கிறேன்.

மண்டபம், கல்லூரி மாணவர்: அண்ணே, கையில் 45,000 ரூபாய் இருக்கு. மானிட்டர் இருக்கு. ஜிடிஏ, வேலரன்ட் ரெண்டும் ஆடணும். கடையில் ஐ7 பிராசஸர், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 500 வாட் எஸ்எம்பிஎஸ்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. முதலில் அந்த ஐ7 எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். இந்த விலையில் ஐ7 என்றால் பெரும்பாலும் 2013-இல் வந்த நான்காம் தலைமுறை பிராசஸரைப் புது போர்டில் மாட்டித் தருவார்கள். விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்பது எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வேலரன்ட் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். பழைய ஐ7-ஐ வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் குறுக்குவழி தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ரைசன் 5 5600 எடுங்கள். ஆறு கோர். அதுவும் கைக்கு எட்டவில்லை என்றால் ஐ3 12100எஃப், நாலு கோர்தான், ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு விளையாட்டுக்கும் தாராளம். இரண்டிலும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரையில் படம் வராது. மொத்தப் பணத்தில் நாற்பது சதவீதத்தைக் கார்டுக்கு வையுங்கள். இந்தத் தொகைக்கு நான் முதலில் பார்ப்பது ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி, 132 வாட், 1080பி திரைக்கு நன்றாக ஓடும். புதிதாக இந்தத் தொகைக்குள் அடங்கவில்லை என்றால் நல்ல செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். ரேம் 8 ஜிபி குச்சி இரண்டாக வாங்குங்கள், 16 ஜிபி ஒரே குச்சி வேண்டாம். மாட்டிய பிறகு பயாஸில் (கணினியின் அடிப்படை செட்டிங் திரை) எக்ஸ்எம்பி-யை, அதாவது ரேமை அதற்குரிய வேகத்தில் ஓட்டும் அமைப்பை, ஆன் செய்யாவிட்டால் 3200 ரேம் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

இனி அந்த 500 வாட் எஸ்எம்பிஎஸ் விஷயம். வீட்டுக் கரண்டைக் கணினிக்கு ஏற்றதாக மாற்றித் தரும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். பெட்டியைக் கையில் வாங்கிப் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பாருங்கள். +12வி என்ற கட்டத்துக்குக் கீழே ஆம்பியர் எழுதியிருக்கும். அதை 12-ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றிருந்தால் 192 வாட். மேலே 500 என்று எத்தனை பெரிதாக அச்சிட்டிருந்தாலும் பிராசஸருக்கும் கார்டுக்கும் கிடைப்பது அந்த 192-தான். 38 ஆம்பியர் என்றிருந்தால் 456 வாட், அதுதான் உண்மையான பெட்டி. அப்படியே இன்புட் வரியையும் பாருங்கள். 100-240வி என்று இருந்தால் நம் ஊருக்கு நல்லது. 200-240வி என்று இருந்தால் கீழே வையுங்கள். 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) என்பது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று மட்டுமே. அதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

மாதாமாதம் சேர்த்து வைத்து வாங்குகிற பையன்களின் போர்டும் கார்டும் ஒரு மட்டமான எஸ்எம்பிஎஸ்ஸால் சேர்ந்தே போவதைப் பார்க்க எனக்குத் தாங்காது. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

தேவிபட்டினம்: சாயங்காலம் வோல்டேஜ் 180-க்கு இறங்குது. ஸ்டெபிலைசர் போடணுமா? கமுதியில் அவ்வளவு பெரிய சோலார் இருந்தும் நமக்கு ஏன் இப்படி?

கமுதி சோலார் 648 மெகாவாட், 2016-இல் வந்தது. அந்த மின்சாரம் 400 கேவி துணைமின் நிலையம் வழியாகப் பெரிய கிரிட்டுக்குப் போகிறது. உங்கள் வீட்டு வோல்டேஜைத் தீர்மானிப்பது தெரு டிரான்ஸ்பார்மரும், அங்கிருந்து உங்கள் வீடு எத்தனை கம்பம் தள்ளியிருக்கிறது என்பதும், அதே லைனில் இறால் பண்ணை மோட்டாரோ ஐஸ் கம்பெனியோ ஓடுகிறதா என்பதும்தான்.

ஸ்டெபிலைசர் தேவையில்லை. 100-240வி எஸ்எம்பிஎஸ் 180-ஐ ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாது. அந்தக் காசை எர்த்துக்குச் செலவிடுங்கள். கடலோர மணலில் எர்த் பைப் அரித்துப்போய், மூன்றாவது பின் பெயருக்குத்தான் இருக்கும். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்றால் அதுதான் காரணம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இன்வர்ட்டரில் ஓட்டுபவர்கள் அதன் பின்னாலுள்ள சுவிட்சை யுபிஎஸ் என்ற பக்கம் தள்ளி வையுங்கள், கரண்ட் போய் வரும் நேரத்தில் கணினி ரீஸ்டார்ட் ஆகாது.

பாம்பன்: வீடு கடலுக்கு நூறடி. ஜன்னலைத் திறந்தால் உப்புக் காத்து. வேலை இல்லாத நேரம் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி வைக்கிறேன். போதுமா?

அந்தக் கவரை முதலில் எடுங்கள்.

நடப்பது இதுதான். காற்றில் வரும் உப்பு தூசியோடு சேர்ந்து போர்டில் படிகிறது. காய்ந்திருக்கும்வரை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். அந்த நீர்தான் செம்பை அரிக்கிறது, பக்கத்துப் பக்கத்துக் கால்களுக்கு இடையில் மின்சாரத்தைக் கசிய விடுகிறது. பாம்பனில் ராத்திரி 75-க்குக் கீழே இறங்குவதே அபூர்வம். நீங்கள் கவர் போடும்போது அந்த ஈரத்தையும் சேர்த்துத்தான் உள்ளே மூடுகிறீர்கள்.

ஓடுகிற கணினியின் உள்ளே காற்று வெளியைவிடச் சூடாக இருப்பதால் ஈரப்பதம் குறைந்துவிடும். ஆகவே கடலோரத்தில் தினமும் கொஞ்ச நேரம் ஓடும் பெட்டிக்குத்தான் ஆயுள் அதிகம். ஊருக்குப் போய் ரெண்டு மாதம் பூட்டி வைத்த பெட்டிகள்தான் என்னிடம் பச்சை பூத்து வருகின்றன.

இடமும் முக்கியம். வாடைக் காற்றுக் காலத்தில் வடக்கு ஜன்னலும், கச்சான் காற்று அடிக்கும்போது தெற்கும் மேற்கும் உப்பைக் கொண்டுவரும். ஜன்னல் கம்பியை விரலால் தடவிப் பாருங்கள், நசநசவென்று ஒட்டினால் அந்தப் பக்கச் சுவரில் கணினி வேண்டாம். உள் அறையில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் வையுங்கள். ஏசி ஓட்டிவிட்டு உடனே ஜன்னலைத் திறக்காதீர்கள், குளிர்ந்த உலோகத்தில் வியர்வை போல நீர் கோக்கும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியும் ஆறு கலர் ஃபேனும் உள்ள கேபினெட் வேண்டவே வேண்டாம். முன்னால் வலை, அதற்குள் கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர், ஃபேன் இரண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பிரஷ்ஷில் தொட்டு ரேம் கால், கார்டு கால், யுஎஸ்பி வாய் எல்லாவற்றையும் துடையுங்கள்.

கீழக்கரை: காக்கா (அண்ணே), மச்சான் துபாயிலிருந்து அடுத்த மாசம் வர்றாங்க. கார்டு அங்கேயே வாங்கி வரச் சொல்லவா?

வாரண்டி எந்த நாட்டில் செல்லும் என்பதைப் பொறுத்தது. பல கம்பெனிகள் வாங்கிய நாட்டில் மட்டும்தான் மாற்றித் தருவார்கள். கார்டு கெட்டால் மச்சான் திரும்பப் போகும்வரை காத்திருக்க வேண்டும். சுங்கத்தில் லேப்டாப்புக்கு இருக்கும் தனிச் சலுகையைக் கார்டுக்கும் உண்டு என்று நினைக்காதீர்கள். விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். பிராசஸரை வேண்டுமானால் தைரியமாகக் கொண்டுவரச் சொல்லலாம், அது கெடுவது அபூர்வம். எஸ்எம்பிஎஸ்ஸை இங்கேயே பில்லோடு வாங்குங்கள்.

ராமேஸ்வரம்: வேலரன்டில் பிங் 120. கார்டை மாத்தினால் குறையுமா?

குறையாது. பிங் என்பது விளையாட்டு சர்வருக்குத் தகவல் போய் வரும் நேரம், அதற்கும் கார்டுக்கும் சம்பந்தமில்லை. வைஃபையை விட்டுவிட்டு ரூட்டரிலிருந்து லேன் வயர் இழுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் வயரைக் கழற்றி வையுங்கள்.

தொண்டி: செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி, மலிவாக வருது. கிரிப்டோ நாணய மைனிங்கில் ஓடியதாம். எடுக்கலாமா?

580 என்பது 2017 கார்டு, 185 வாட் தின்னும், 2023-லிருந்து ஏஎம்டி அதற்கான டிரைவர் வேலையைக் குறைத்துவிட்டது. 580 என்ற பெயரிலேயே 2048எஸ்பி என்று ஒன்று சுற்றுகிறது, அந்த எண் ஷேடர் எனும் கணக்கிடும் அலகுகளின் எண்ணிக்கை, உண்மையான 580-இல் அது 2304. கையில் வேறு வழியே இல்லை என்றால் எடுங்கள்.

ஆனால் மைனிங்கில் ஓடியது என்பதற்காக மட்டும் பயப்படாதீர்கள். எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியதும் கார்டுகள் சந்தையில் கொட்டின. நன்றாக நடத்தியவர்கள் வாட்டைக் குறைத்து, ஒரே சூட்டில் ஓட்டியிருப்பார்கள். அதில் தேய்வது ஃபேனும், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடும். என்னைக் கேட்டால், கடற்கரை வீட்டில் சும்மா கிடந்த கார்டைவிட கடலிலிருந்து தள்ளியிருக்கும் நகரத்தில் மைனிங்கில் ஓடிய கார்டை நம்பி எடுப்பேன்.

பாம்பன்: இதை ஒத்துக்க முடியாது. இருபத்திநாலு மணி நேரமும் ஓடிய வண்டியும் வீட்டில் நின்ற வண்டியும் ஒண்ணா? என் கார்டு நாலு வருஷமா இங்கேதான் இருக்கு, ஒண்ணும் ஆகலையே.

உங்கள் கார்டு தினமும் ஓடுகிறது, அதனால்தான் நன்றாக இருக்கிறது. நான் சொன்னது சும்மா கிடந்த கார்டை.

திருப்புல்லாணி: மைனிங்கில் மெமரியை ஏத்தி ஓட்டுவாங்க. சிநேகிதன் வாங்கிய ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு ஒரே வருஷத்தில் போச்சு. நீங்க சொல்றதைக் கேட்டு யாராவது ஏமாந்தால்?

3080 விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். 3080, 3090-இல் இருப்பது ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி, மைனிங்கில் அது 100 டிகிரியைத் தாண்டும். மைனிங்கில் ஓடிய 3080 வேண்டாம் என்று நானும் சொல்வேன். 580-இல் உள்ள ஜிடிடிஆர்5 அவ்வளவு கொதிக்காது.

தொண்டி: அப்போ எதைப் பார்த்து வாங்குறது? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றீங்க.

கார்டைக் கையில் வாங்கி, பின்பக்கம் மானிட்டர் வயர் சொருகும் தகட்டைப் பாருங்கள். தகடும் திருகும் பழுப்பேறி இருந்தால் அது உப்புக் காற்றில் இருந்த கார்டு. டார்ச் அடித்து, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளின் இடுக்கைப் பாருங்கள், அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் கீழே வையுங்கள், என்ன விலை சொன்னாலும் சரி. தங்க நிறக் கால்களில் பச்சைப் புள்ளி இருந்தாலும் அப்படியே. இதெல்லாம் சுத்தமாக இருந்தால் அரை மணி நேரம் ஒரு கனமான விளையாட்டை ஓட்டிப் பாருங்கள். திரையில் கட்டம் கட்டமாகப் புள்ளி வந்தால் மெமரி போய்விட்டது. ஃபேன் கரகரத்தால் பயமில்லை, மாற்றிக்கொள்ளலாம். விற்பவர் ஓட்டிக் காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று: ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்கும் கார்டில் நீல நிற விஜிஏ வாய் இருந்தால் தொடாதீர்கள். அந்த வரிசையில் அனலாக் வெளியீடே கிடையாது. பழைய கார்டின் பெயரை மாற்றி எழுதி விற்கிறார்கள்.

பாம்பன்: துருவைப் பார்க்கணும்ங்கிறது சரி. ஆனா மைனிங் கார்டு வாங்க மாட்டேன்.

சரி, புதுசாக வாங்குங்கள். தொண்டித் தம்பிக்கு அதற்குப் பணம் இல்லை, அவருக்குத்தான் நான் வழி சொல்கிறேன்.

ஏர்வாடி: கேபினெட்டோடு எஸ்எம்பிஎஸ் இலவசம்னு கொடுக்கிறாங்க. அதையே போட்டுக்கலாமா?

கூடாது. மண்டபம் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மண்டபம் முகாம்: 450 வாட் எஸ்எம்பிஎஸ் போதுமா?

ஸ்டிக்கரில் என்ன ஆம்பியர் என்று சொல்லாமல் போதுமா என்று கேட்டால் நான் என்ன சொல்வது? +12வி பாருங்கள், 12-ஆல் பெருக்குங்கள்.

சாயல்குடி: லோக்கல் எஸ்எம்பிஎஸ் வச்சு இப்போதைக்கு ஓட்டிட்டு அப்புறம் மாத்திக்கலாமா?

அது கெட்டுப்போகும் அன்றைக்குக் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். மாற்ற வேண்டும் என்றால் பிராசஸரை அப்புறம் மாற்றுங்கள். எஸ்எம்பிஎஸ் பற்றி இனிமேல் புதிதாகக் கேட்காதீர்கள், மேலே எல்லாம் இருக்கிறது.

ராமேஸ்வரம், ஒரு அம்மா: பையன் பன்னிரண்டாவது. இப்போ 30,000 தான் முடியும். படிக்கவும் வேணும், கேமும் வேணும்ங்கிறான்.

அக்கா, கார்டு இல்லாமல் ரைசன் 5 5600ஜி போட்டுக் கொடுங்கள். அதற்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. வேலரன்ட், பழைய ஜிடிஏ எல்லாம் செட்டிங்கைக் குறைத்தால் ஓடும். இதற்கு ரேம் இரண்டு குச்சியாக இருந்தே ஆக வேண்டும், ஒற்றைக் குச்சி போட்டால் படம் திக்கும். 5600-ஐவிட இதில் பிராசஸருக்குள் இருக்கும் கேஷ் மெமரி பாதிதான், 32-க்குப் பதில் 16 எம்பி, ஆனாலும் பரீட்சை முடிந்தபின் கார்டு ஒன்று சேர்த்தால் நன்றாகவே ஓடும். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் அந்தக் கார்டையும் மனதில் வைத்து இப்போதே நல்லதாக வாங்கிவிடுங்கள்.

பாம்பன், விசைப்படகுக்காரர்: எக்கோ சவுண்டர் திரை மங்கலாகுது. நீங்க பார்ப்பீங்களா?

அது என் வேலை இல்லை அண்ணே. துறைமுகத்தில் படகுக் கருவி பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

உச்சிப்புளி: ஆபீஸில் கழித்த டெல் சின்னப் பெட்டி கிடைச்சிருக்கு. அதில் ஆர்எக்ஸ் 6600 போகுமா?

போகாது. சின்னப் பெட்டியின் எஸ்எம்பிஎஸ் அந்தக் கம்பெனி வடிவத்தில் இருக்கும், கார்டுக்கான தனி வயரும் இருக்காது. ஸ்லாட்டிலிருந்து வரும் 75 வாட்டுக்குள் ஓடும் குட்டைக் கார்டுதான் அதில் பொருந்தும், ஜிடிஎக்ஸ் 1650-இல் அப்படி ஒன்று உண்டு. வாங்கும் முன் பெட்டியின் அகலத்தை அளந்து, பிராசஸர் எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.