பேருந்து மோதினால் சைக்கிள் மட்டும் ஏன் நசுங்குகிறது?

கேள்வி நியாயமானது: நியூட்டனின் மூன்றாம் விதிப்படி பேருந்தும் சைக்கிளும் ஒன்றையொன்று சம விசையோடு தள்ளுகின்றன என்றால், அடி மட்டும் ஏன் ஒரு பக்கம்?

விசை சமம்தான். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் ஓடும் பேருந்தின் நிறை 12,000 கிலோ என்றும், சைக்கிளும் ஓட்டுபவரும் சேர்ந்து 80 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். விகிதம் 150. ஒரே விசைக்கு, நிறை எத்தனை மடங்கு கூடுதலோ வேக மாற்றம் அத்தனை மடங்கு குறைவு. மோதும் கணத்தில் சைக்கிளின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் மாறினால், பேருந்தின் வேகம் 0.2 கிலோமீட்டர்தான் மாறும். ஓட்டுநருக்கு லேசான அதிர்வு. மற்றவருக்கு எலும்பு முறிவு. போதாததற்கு, பேருந்தின் இரும்புச் சட்டம் தாங்கும் விசையை மனித உடல் தாங்காது.

சரி, சமமும் எதிருமான விசைகள் ஒன்றையொன்று ரத்து செய்யாதா? பலரும் தடுமாறுவது இங்கேதான். ஒரே பொருளின் மீது செயல்படும் விசைகள்தான் ரத்தாகும். இங்கே ஒன்று சைக்கிளின் மீது, மற்றொன்று பேருந்தின் மீது. யார் யாரை மோதினாலும் கணக்கு மாறாது. இரண்டு விசைகளும் ஒரே நேரத்தில் தோன்றும், ஒன்று முந்தி ஒன்று பிந்தி அல்ல.

அப்புறம், தலைக்கவசம். சிங்கப்பூரில் சாலையில் சைக்கிள் ஓட்டுவோருக்கு அது கட்டாயம். உள்ளே இருக்கும் நுரைப்பொருள் நசுங்கி, தலை நிற்க எடுக்கும் நேரத்தைக் கூட்டுகிறது. நேரம் இரட்டித்தால் சராசரி விசை பாதியாகும், தலையின் மீதும் சரி, தரையின் மீதும் சரி. தாடைப் பட்டையை மாட்டாமல் போட்டுக்கொள்பவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது.