முழு எண்ணில் விலை திரும்புமா? கேள்வியும் பதிலும்

(முன்பு கொழும்புக் கோட்டையில் ஒரு வங்கியின் நாணயப் பிரிவில் இருந்தவர் பதில் சொல்கிறார்)

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, யூரோவின் டொலர் விலை 1.1000, 1.0000 போன்ற முழு எண்களில் திரும்புவது உண்மையா, எங்கள் கற்பனையா?

உண்மைதான் தம்பி. நியூயோர்க் பெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த கரோல் ஓஸ்லர் ஒரு பெரிய வங்கியின் ஆர்டர்களை எடுத்து ஆராய்ந்தார். இலாபம் எடுக்கும் ஆர்டர்கள் முழு எண்ணிலேயே குவிந்திருந்தன. நட்டத்தை நிறுத்தத் தானாக வெளியேறும் ஸ்டாப் லாஸ் ஆர்டர்கள் அதற்குச் சற்று அப்பால் கிடந்தன. அதனால் விலை எண்ணைத் தொட்டால் தடைபடும், தாண்டினால் வேகமாக ஓடும். திரும்புவதும் ஓடுவதும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான்.

ஆகவே தொட்டவுடன் வாங்காதீர்கள். 2022 ஜூலை 14இல் யூரோ 1.0000க்குக் கீழே 0.9952 வரை போனது. அங்கிருந்த ஸ்டாப்கள் அடிபட்டும் கீழே தள்ள ஆள் இல்லை, நாள் முடிவில் 1.0000க்கு மேலே வந்து நின்றது. அப்புறம் ஆகஸ்டில் 1.03ஐத் தாண்டியது. நான் திரும்பல் என்று சொல்வது இதைத்தான். உடைத்துப் பார்த்து, நிற்க முடியாமல் உள்ளே வந்து முடிய வேண்டும். அதே ஆகஸ்டின் கடைசியில் அதே எண் உடைந்தது, செப்டெம்பரில் 0.96க்கும் கீழே போனது.

நாள் முடிவு நியூயோர்க்கில் மாலை 5 மணி. எங்களுக்கு அது அதிகாலை 2.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 3.30. விழித்திருக்கத் தேவையில்லை, காலையில் தேத்தண்ணியோடு பார்க்கலாம்.

தெஹிவளையிலிருந்து: ஆர்எஸ்ஐ (விலையின் வேகத்தைக் காட்டும் இண்டிகேட்டர்) 14இல் வைப்பது நல்லதா, 9இல் வைப்பது நல்லதா?

எதுவானாலும் சரி. நாள் முடிவு விலையைப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: மத்திய வங்கி காக்கும் லெவலில் (விலை மட்டத்தில்) ஸ்டாப் லாஸ் தேவையில்லையே?

இதைக் கேட்டால் எனக்குப் பயம் வருகிறது. சுவிஸ் மத்திய வங்கி யூரோவை 1.20 சுவிஸ் பிராங்குக்குக் கீழே விடமாட்டோம் என்று 2011 செப்டெம்பரில் சொன்னது. மூன்று வருடத்துக்கு மேல் காத்தது. 2015 ஜனவரி 15இல் திடீரெனக் கைவிட்டது, நிமிடங்களில் விலை 1.00க்கும் கீழே. கணக்கில் இருந்ததற்கு மேலும் இழந்து கடனாளியானவர்கள் இருக்கிறார்கள்.

மீண்டும் அவரே: அது ஒரு தடவைதானே அண்ணா?

இல்லை. 1992 செப்டெம்பர் 16இல் பிரித்தானியா ஒரே நாளில் வட்டியை 10 சதவீதத்திலிருந்து 12 ஆக்கி, 15 ஆக்குவோம் என்றும் அறிவித்தது. அன்றிரவே பவுணைக் காக்க முடியாமல் ஐரோப்பிய நாணய விலைகளை ஒன்றோடொன்று கட்டி வைத்த ஏற்பாட்டிலிருந்து விலகியது. எங்கள் ரூபாயை மறந்துவிட்டீர்களா? டொலர் 203ஐச் சுற்றியே பிடித்து வைக்கப்பட்டிருந்தது. 2022 மார்ச்சில் விட்டார்கள், ஏப்ரலில் 300ஐத் தாண்டியது. புறக்கோட்டையில் இறக்குமதி செய்யும் யாரையாவது கேளுங்கள்.

திரும்பவும்: யென்னை ஜப்பான் காக்கவில்லையா?

நியாயமான கேள்வி. 2022 ஒக்டோபர் 21இல், ஒரு டொலர் 152 யென்னுக்குச் சற்றுக் கீழே இருந்தபோது, ஜப்பான் டொலரை விற்றது. அடுத்த ஜனவரியில் விலை 127 வரை வந்தது. ஆனால் நவம்பரில் அமெரிக்கப் பணவீக்கம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்ததும் அதற்குக் கைகொடுத்தது. 2024இல் அதே 152 உடைந்து 160ஐயும் தாண்டியது. மத்திய வங்கியும் சந்தையும் ஒரே பக்கம் இழுத்தால்தான் லெவல் நிற்கும். ஸ்டாப் லாஸ் இல்லாமல் வேண்டாம், தயவுசெய்து.

இன்னும் மூன்று பேர்: எந்த இண்டிகேட்டர்?

மேலே சொல்லிவிட்டேன்.

மட்டக்குளியிலிருந்து: ஒருவர் தன் கணக்குக்குக் காசு போடச் சொல்கிறார், ட்ரேட் செய்து தருவாராம்.

போடாதீர்கள். அந்தக் கணக்கு வெளிநாட்டில் என்றால், காசு அனுப்புவது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வரும். அதை மத்திய வங்கியின் வெளிநாட்டுச் செலாவணித் திணைக்களத்திடமே கேளுங்கள் தங்கச்சி.

வத்தளையிலிருந்து: சரி, ஸ்டாப் லாஸை எங்கே வைப்பது?

முழு எண்ணுக்குப் பக்கத்தில் அல்ல, எல்லோரும் அங்கேதான் வைக்கிறார்கள். விலை எண்ணை உடைத்துப் பார்த்த வால் (சார்ட்டில் நீளும் மெல்லிய கோடு) முடியும் இடத்துக்கு அப்பால் வையுங்கள். தூரம் கூடினால் ட்ரேட்டின் அளவைக் குறையுங்கள். 500 டொலர் கணக்கில் ஒரு ட்ரேட்டில் ஒரு சதவீதம் மட்டும் இழக்கலாம் என்று வைத்தால், அது 5 டொலர். 50 பிப் (ஒரு பிப் 0.0001) தூரமென்றால் யூரோ–டொலரில் 0.01 லொட் (1,000 யூரோ).