குறட்டை விடுபவரின் கண் காலையில் சிவப்பது ஏன்?

கேள்வி: என் கணவருக்கு வயது 51. பருமனான உடல், பலமாகக் குறட்டை விடுவார். சில மாதங்களாகக் காலையில் எழும்போது வலக்கண் சிவந்து, பீளை கட்டி, உறுத்துகிறது. சொட்டு மருந்தில் குணம் தெரியவில்லை. கண் மருத்துவரோ தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்கிறார். கண்ணுக்கும் குறட்டைக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: அவர் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பவரா என்பதை முதலில் கவனியுங்கள். பலத்த குறட்டையோடு உறக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று நின்று வரும் நிலையே மூச்சுத்தடை. அது உள்ள சிலருக்கு மேலிமையின் உட்தகடு உறுதி இழந்து ரப்பர்போலத் தளர்ந்துவிடுகிறது. 1981-இல் மருத்துவ இதழில் விவரிக்கப்பட்ட இந்நிலையில், இமை உறக்கத்தில் தானாகவே புரண்டு, அதன் உட்புறமும் கண்ணும் இரவு முழுவதும் தலையணையில் உராய்கின்றன. எந்தப் பக்கம் படுக்கிறாரோ அந்தக் கண்ணே பெரும்பாலும் அதிகம் பாதிக்கப்படும். தளர்ந்த இமை உடையோரில் பெரும்பாலானவர்களுக்கு மூச்சுத்தடையும் இருப்பதால், உங்கள் மருத்துவர் சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறார்.

இமையைவிட எனக்குக் கவலை தருவது பார்வை நரம்பு. மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ தடைபடுவது மணிக்கு 30 முறைக்கு மேல் நிகழ்ந்தால் அது தீவிர நிலை. ஒவ்வொரு தடையின்போதும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து, இரத்த அழுத்தம் ஏறி இறங்குவதால், நரம்பின் முனைக்குச் செல்லும் நுண்ணிய இரத்த ஓட்டம் பாதிக்கப்படக்கூடும். வலியே இல்லாமல், தூங்கி எழும்போது ஒரு கண்ணில் பார்வை திடீரெனக் குறைந்திருக்கும் பார்வை நரம்புப் பாதிப்பு இத்தகையவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. இழந்த பார்வை முழுதாகத் திரும்புவது அரிது. அப்படி நேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பார்வை நரம்பைச் சிதைக்கும் நோயான கிளாக்கோமாவுக்கும் மூச்சுத்தடைக்கும் தொடர்பு காணப்பட்டாலும், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று உறுதியாகவில்லை. ஆயினும், கண் அழுத்தத்தோடு பார்வை நரம்பையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு இரவில் கண் களிம்பும், இமையைக் காக்கும் கண் மூடியும் உறுத்தலைத் தணிக்கும். மூச்சுத்தடை உறுதியானால், முகமூடி வழியே காற்றைச் செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியும் எடைக்குறைப்புமே அடிப்படைச் சிகிச்சை. அதைச் செய்யாமல் இமையை இறுக்கும் அறுவைச் சிகிச்சைக்கு மட்டும் போனால் தளர்ச்சி மீண்டும் வரக்கூடும். முகமூடி மூக்கின் மேற்பகுதியில் சரியாகப் பொருந்தாவிட்டால் கசியும் காற்று கண்ணை உலர்த்தும். அப்போது கருவியைக் குறை சொல்லிக் கழற்றி வைக்காமல், முகமூடியின் அளவை மாற்றச் சொல்லுங்கள். இரத்த அழுத்த மாத்திரையை அவர் இரவில் எடுப்பவரானால், அதையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். நீங்களாக நேரத்தை மாற்ற வேண்டாம்.