விடாத கை

அன்புள்ள ஐயாவுக்கு,

பத்து ஆண்டுகளாக இங்கிலாந்தின் ரெடிங் நகரில் பணிபுரிகிறேன். கடந்த டிசம்பரில் அலுவலக நண்பர்கள் என்னை லண்டன் அலெக்சாண்ட்ரா அரண்மனைக்கு, வட்டப் பலகையில் சிற்றம்புகளை எறியும் டார்ட்ஸ் ஆட்டத்தின் உலக சாம்பியன்ஷிப் பார்க்க அழைத்துச் சென்றார்கள். வாழைப்பழ வேடத்திலும் கன்னியாஸ்திரி வேடத்திலும் வந்தவர்கள் நீண்ட மேசைகளில் அமர்ந்து இரவெல்லாம் பீர் குடித்துப் பாடினார்கள். மேடையைப் பார்த்தவர்கள் குறைவு. படிப்பேறாத, தொப்பை விழுந்த ஆட்கள் ஆடும் இந்த மதுக்கடைப் பொழுதுபோக்கை விளையாட்டு என்று எப்படிச் சொல்வது? வென்றவருக்குப் பத்து லட்சம் பவுண்டு! நம் நாட்டு நிதின் குமார் ஒரு சுற்றில் வென்றார் என்பது மட்டுமே ஆறுதல்.

என் கேள்வி வேறு. என் 13 வயது மகன் டார்ட்ஸ் வீரர் லூக் லிட்லரைப் பார்த்துவிட்டுக் கிரிக்கெட் பயிற்சியை விட்டுவிட்டான். தன் அறையில் டார்ட் பலகை மாட்டியிருக்கிறான். அறை சிறியது என்பதால் கட்டிலின் மேல் நின்று எறிகிறான். செய்வதை ஒழுங்காகச் செய்யட்டும் என்று நான் தினமும் கதவருகே நின்று அவன் எடுக்கும் புள்ளிகளைத் தாளில் குறித்து வந்தேன். முதலில் நன்றாகவே எறிந்தான். இப்போது கையை உயர்த்துகிறான், அப்படியே நிற்கிறான், எறிவதில்லை. இத்துடன் நிறுத்தச் சொல்லிவிடலாமா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

உங்கள் கடிதத்தை எரிச்சலுடன்தான் படித்துக்கொண்டு வந்தேன். கடைசிக்கு முந்தைய வரியில் நின்றுவிட்டேன். உயர்த்திய கை அப்படியே நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி நின்ற ஒரு கையைப் பற்றிச் சில வாரங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதில்.

முதலில் சில்லறைகளைத் தீர்த்துவிடுகிறேன். இது விளையாட்டா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை, அது அகராதி எழுதுபவர்களின் பாடு. நிதின் குமார் நெதர்லாந்தின் ரிச்சர்ட் வீன்ஸ்ட்ராவை 3-2 என்ற செட் கணக்கில் வென்றதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் ஓர் ஆட்டத்தையே இழிவென்று எழுதிவிட்டு அதில் நம்மவர் வென்றதற்கு மட்டும் மார்தட்டிக்கொள்வது என்ன நியாயம் என்று விளங்கவில்லை. பீர் குடித்தார்கள், வேடம் போட்டார்கள் என்கிறீர்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் கூடிக் களிப்பார்கள், அதில் உங்களுக்கு என்ன நட்டம்? 1873இல் திறக்கப்பட்டு, பதினாறே நாளில் எரிந்துபோய், இரண்டே ஆண்டில் மீண்டும் கட்டப்பட்ட கட்டடம் அது. 1936இல் பிபிசியின் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியதும் அங்கிருந்துதான். அதற்குள் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்திருந்து, வாழைப்பழ வேடம் ஒன்றை மட்டுமே கண்டு திரும்பியிருக்கிறீர்கள்.

ஆனால் ‘படிப்பேறாத’ என்ற சொல்லை அப்படித் தள்ளிவிட்டுப் போக முடியாது. பதினாறு முறை உலகப் பட்டம் வென்ற பில் டெய்லர், ஸ்டோக் நகரத்துப் பீங்கான் பட்டறையில் கழிப்பறைக் காகிதச் சுருளுக்கான பிடிகளைச் செய்துகொண்டிருந்தவர். 2007இல் அவரை 7-6 என்று வீழ்த்திய ரேமண்ட் வான் பார்னவெல்ட் தபால்காரர். 2018இல் டெய்லரின் கடைசி ஆட்டத்தில் அவரைத் தோற்கடித்த ராப் கிராஸ் மின்பணியாளர். இவர்களுக்குப் படிப்பேறவில்லை என்று எழுதும் நீங்கள் ஒன்று செய்யுங்கள். எடுக்கும் புள்ளிகளை 501இலிருந்து கழித்துக்கொண்டே வந்து, கடைசி டார்ட்டை டபுள் வளையத்திலோ நடுவிலுள்ள புல்லிலோ அடித்துச் சரியாகச் சுழியத்தில் முடிக்க வேண்டும். டபுள் என்றால் எண்ணின் இரு மடங்கு, ட்ரெபிள் என்றால் மூன்று மடங்கு, புல்லுக்கு 50. இப்போது 167 மீதமிருக்கிறது, கையில் மூன்று டார்ட். எங்கெங்கே அடிப்பீர்கள்? நீங்கள் கைபேசியைத் தேடி எடுப்பதற்குள் அந்தத் தபால்காரர் ட்ரெபிள் 20, ட்ரெபிள் 19, புல் என்று முடித்திருப்பார். முதல் டார்ட் தவறிப் பக்கத்திலிருக்கும் 1இலோ 5இலோ விழுந்தால், அடுத்த டார்ட்டுக்காகக் கை உயர்வதற்குள் புதிய கணக்கு போட்டிருப்பார். எந்த வகுப்பறையிலும் அந்த வேகத்தில் கழித்தல் நடந்து நான் பார்த்ததில்லை.

கழித்தலை நானும் பள்ளியில் கற்கவில்லை. என் தந்தை ஆனைமலைப் பகுதித் தேயிலைத் தோட்டம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்தார். துரைமார்களின் கிளப்பில் பில்லியர்ட்ஸ் மேசையும், அதற்கு எதிர்ச்சுவரில் டார்ட் பலகையும் உண்டு. இரண்டுக்கும் புள்ளி எழுதுபவரை மார்க்கர் என்பார்கள். எங்களுக்கு அவர் மார்க்கரண்ணன். சாக்பீசைக் காதோரம் செருகியபடி, டார்ட் பலகையில் தைக்கும் ஓசை அடங்குவதற்குள் மீதியை எழுதிவிடுவார். கிளப்பில் கழித்துப் போட்ட பழைய பலகை ஒன்று பின்பக்க விறகுக் கொட்டகையில் மாட்டப்பட்டிருந்தது. பகல் வேளைகளில் அவர் அதில் எறிவார். பன்னிரண்டு வயதில் நான் அவருக்கு மார்க்கர். எத்தனையோ வெள்ளைக்காரத் துரைமார்களும் அவர்களுக்குப் பின் வந்த நம்மூர்த் துரைமார்களும் எறிந்ததைச் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். மார்க்கரண்ணனுக்கு நிகராக ஒருவரும் எறிந்ததில்லை. டபுள் 16ஐ அவர் கண்ணை மூடிக்கொண்டு எறிவதைப் போல எறிவார். டபுள் 16 தவறி ஒற்றை 16இல் விழுந்தால் டபுள் 8, அதுவும் அப்படித் தவறினால் டபுள் 4 என்று பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகலாம், அதனால்தான் கெட்டிக்காரர்கள் 32ஐ மிச்சம் வைப்பார்கள் என்று சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

ஒரு மாலை, வேறொரு தோட்டத்து அணியோடு நடந்த ஆட்டத்தில் எங்கள் பக்கம் ஓர் ஆள் குறைந்தது. விளையாட்டாகவோ இரக்கமாகவோ, மேலாளர் மார்க்கரண்ணனைக் கூப்பிட்டு டார்ட்டைக் கையில் கொடுத்தார். சன்னலுக்கு வெளியே எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அவர் கோட்டில் போய் நின்றார், கையை உயர்த்தினார். கை முன்னே போயிற்று, டார்ட் போகவில்லை. மறுபடி பின்னுக்கு இழுத்தார், மறுபடி முன்னே கொண்டு போனார். நான்கைந்து முறை. பிறகு மூன்று டார்ட்டையும் மேசையின் மேல் ஓசையில்லாமல் வைத்துவிட்டு, “கை வரலைங்க, துரை” என்று சொல்லிச் சாக்பீசை எடுத்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. இன்னொருவரைத் தேடி எடுத்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

இதை நான் நீண்ட காலம் ஒரே விதமாகத்தான் புரிந்துவைத்திருந்தேன். முப்பது ஆண்டு ஓரமாக நின்றவனை நடுவே நிறுத்தினால் கை கூசத்தானே செய்யும், அது அடிமைப்பட்ட கை என்று நண்பர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது குரலில் சற்றுப் பெருமிதம்கூட வந்துவிடும், அடுத்தவர் வலியை விளக்கத் தெரிந்தவனின் பெருமிதம். எரிக் பிரிஸ்டோவைப் பற்றி அறிந்தபோதுதான் அந்த விளக்கம் ஆட்டம் கண்டது.

லண்டனின் ஹாக்னியில் 1957இல் பிறந்த பிரிஸ்டோவுக்கு யாரிடமும் கூச்சம் கிடையாது. சுண்டுவிரலைத் தேநீர்க் கோப்பை பிடிக்கும் சீமாட்டியைப் போல உயர்த்தி வைத்துக்கொண்டு எறிவார். கூட்டம் கூச்சலிட்டால் இன்னும் நன்றாக எறிவார். 1980க்கும் 1986க்கும் இடையில் ஐந்து முறை உலகப் பட்டம் அவருடையது. 1983 இறுதியாட்டத்தில் அவருக்கு 50 மீதமிருந்தது, கையில் கடைசி டார்ட். புல்லை அடித்திருந்தால் அந்த லெக், அதாவது 501இலிருந்து சுழியம் வரையிலான அந்த ஓர் ஆட்டம், முடிந்திருக்கும். எதிரே நின்றவர் தகுதிச்சுற்றில் வென்று வந்த இருபத்துமூன்று வயது கீத் டெல்லர். அவருக்கு 138 தேவை. இந்தப் பையன் அதை முடிக்க மாட்டான் என்று எடைபோட்டு, பிரிஸ்டோ நிதானமாக 18ஐ அடித்து 32ஐ மிச்சம் வைத்தார். டெல்லர் ட்ரெபிள் 20, ட்ரெபிள் 18, டபுள் 12 என்று மூன்றே எறிதலில் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். பிரிஸ்டோ தோற்றது அலட்சியத்தால். அச்சத்தின் சாயல்கூட அதில் இல்லை.

அந்த மனிதருக்கு 1986இன் இறுதியில் கை நின்றுபோயிற்று. டார்ட் விரல்களை விட்டுப் போக மறுத்தது. இங்கிலாந்தில் இதற்கு டார்ட்டைட்டிஸ் என்று பெயர், கோல்ஃப் ஆடுபவர்கள் இதைப் போன்றதை யிப்ஸ் என்கிறார்கள். நரம்பின் கோளாறு என்று சிலரும் மனத்தின் பதற்றம் என்று சிலரும் சொல்கிறார்கள். அதன் பிறகும் 1987, 1989, 1990, 1991 என்று நான்கு உலக இறுதியாட்டங்களுக்கு வந்தார், நான்கிலும் தோற்றார். அவற்றுள் 1990ஆம் ஆண்டுத் தோல்வி, தாமே பண உதவி செய்து வளர்த்துவிட்ட பில் டெய்லரிடம், 6-1 என்று. 2017இல் வுல்வர்ஹாம்ப்டன் மேடையில் பெர்ரி வான் பீர் என்ற நெதர்லாந்து இளைஞர், உயர்த்திய கையை விடுவிக்க முடியாமல் அழுததைக் காட்சிப்பதிவில் பார்த்தேன், செந்தில். சில நொடிகளுக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. விறகுக் கொட்டகையின் புகைநாற்றம் மூக்கில் ஏறிவிட்டது.

யாருக்கும் அடிபணியாத ஒருவருக்கும், வாழ்நாளெல்லாம் அடிபணிந்த ஒருவருக்கும் ஒரே நோய் வருமானால் என் பழைய விளக்கம் செல்லாது. இப்போது நான் நினைப்பது வேறு. டார்ட்டைப் பிடிப்பதையும் குறிபார்ப்பதையும் நாம் செய்கிறோம். விடுவதை நாம் செய்வதில்லை, அது நடக்கிறது. விரல்கள் திறக்கும் கணத்தை அறிவு எட்டிப்பார்க்காதவரை அது நடக்கும். எட்டு மில்லிமீட்டர் அகல வளையத்துக்குள் டார்ட்டைச் சேர்க்கும் நுட்பம் கையிடம் இருக்கிறது. ‘இப்போதா, இப்போதா’ என்று யாரோ கேட்கத் தொடங்கியதும் கை பதில் சொல்ல நின்றுவிடுகிறது. மார்க்கரண்ணன் முப்பது ஆண்டும் எறிதல்களை எண்ணியவர். அன்று கோட்டில் நின்றவரும் அவரே, சாக்பீசுடன் கரும்பலகையருகே காத்து நின்றவரும் அவரே என்று இப்போது தோன்றுகிறது. இப்படிச் சொல்வதால் அந்த அறையிலிருந்த துரைமார்களை நான் விடுதலை செய்துவிடுகிறேனோ என்ற சந்தேகமும் இருக்கிறது. கொட்டகையில் வந்த கை அங்கே வரவில்லை என்பது உண்மை. இதை நான் இன்னும் யோசித்து முடிக்கவில்லை.

இந்த நோயையும் சாதாரணத் தவறையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்கள் மகன் போற்றும் லிட்லர், 2024 இறுதியாட்டத்தில், பதினாறு வயதில், 4-2 என்று முன்னிலையில் இருந்தபோது ஒரே ஒரு டபுள் 2ஐத் தவறவிட்டார். அதை அடித்திருந்தால் 5-2. லூக் ஹம்ப்ரீஸ் அந்தச் செட்டையும் அதற்குப் பின் நான்கு செட்டுகளையும் தொடர்ந்து எடுத்து 7-4 என்று வென்றார். லிட்லரின் டார்ட் தவறியது, ஆனால் கையை விட்டுப் போயிற்று. அதனால்தான் மறு ஆண்டே மைக்கேல் வான் கெர்வனை 7-3 என்று வென்று, பதினேழு வயதில் உலகப் பட்டத்தை அவரால் எடுக்க முடிந்தது. நீங்கள் பார்த்த போட்டியின் பத்து லட்சமும் அவருக்குத்தான், உங்கள் ஒப்புதல் இல்லாமலே.

பிரிஸ்டோ 2018 ஏப்ரலில், லிவர்பூலில் ஒரு டார்ட்ஸ் போட்டிக்கு வந்த இடத்திலேயே மாரடைப்பில் இறந்தார். செய்தி அரங்குக்குள் பரவியதும் நீங்கள் குடிகாரர்கள் என்று எழுதிய அதே மாதிரிக் கூட்டம் அவர் பெயரைப் பாட்டாகப் பாடியது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன், பாதி மறந்தே போனேன். பையனை நிறுத்தச் சொல்லாதீர்கள், தொடரச் சொல்லவும் வேண்டாம். தினமும் கதவருகே தாளோடு நின்றேன் என்று எழுதும்போது உங்களுக்கு ஒன்றுமே உறைக்கவில்லையா? பதின்மூன்று வயதுப் பிள்ளையின் விரலுக்குப் பின்னால் ஒரு கணக்காளரை உட்கார வைத்துவிட்டு, கை ஏன் நிற்கிறது என்று என்னிடம் கேட்கிறீர்கள். உங்கள் அன்பில் எனக்கு ஐயமில்லை, அன்பில்லாதவர் இத்தனை மாதம் நிற்க மாட்டார். இனி நிற்காதீர்கள். அவன் எறியும்போது கூடத்தில் உட்கார்ந்து வேறு வேலையைப் பாருங்கள், டார்ட் தைக்கும் ஓசை கேட்டால் போதும். புள்ளிகளை அவனே சாக்பீசால் எழுதிக் கழிக்கட்டும், அல்லது எழுதாமலே விடட்டும்.

இன்னொன்று. கட்டிலின் மேல் நின்று யாராலும் எறிய முடியாது. பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், எறியும் கோடு பலகையின் முகத்திலிருந்து 2.37 மீட்டர். அறையில் அவ்வளவு இடம் இல்லையென்றால் கட்டிலை வெளியே எடுத்துப் போடுங்கள், அவன் தரையில் படுத்துக்கொள்வான்.

அன்புடன்.