கத்தரிக்காயை ஏன் திருப்பி அனுப்பினீர்கள்?

கேள்வி: வங்கியில் வேலை பார்க்கிறேன். காலை டிபன், மாமியாரின் மாத்திரை, மகளின் டியூஷன், கல்யாண வீட்டு மொய் என எல்லாவற்றையும் நான்தான் முடிவு செய்ய வேண்டும். கணவர் நல்லவர், ஆனால் எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்பார். ஒருநாள் அவராகவே கத்தரிக்காய் வாங்கி வந்தார். முற்றலாக இருந்ததால் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன். இப்போதெல்லாம் ராத்திரியில் யாராவது "நாளைக்கு என்ன சமையல்?" என்றாலே அழுகை வருகிறது. முடிவெடுத்து முடிவெடுத்து மூளையின் சக்தியே தீர்ந்துவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். வேலையை விட்டுவிடலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: அந்தக் கத்தரிக்காயை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள் அம்மா, என்னால் முடியவில்லை. ஒரு மனுஷர் போன் போட்டுக் கேட்காமல் தானாக ஒரு காய் வாங்கி வந்திருக்கிறார், அவரைப் பையோடு மறுபடி கடைக்காரர் முன்னால் அசடு வழிய நிற்க வைத்திருக்கிறீர்கள், அதற்கப்புறம் அவர் "உன் இஷ்டம்" என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்? புளியைக் கொஞ்சம் தூக்கலாக விட்டு அதையே குழம்பு வைத்திருக்கலாம். கசந்தால் அவரே முகம் சுளித்து, அடுத்த வாரம் பார்த்து வாங்கியிருப்பார்.

உங்கள் கணவருக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். பெற்ற தாய்க்கு எந்த மாத்திரை காலையில், எது ராத்திரி என்று தெரியாதவரை நல்லவர் என்று எழுத எனக்குக் கை வராது. அம்மாவைப் பார்ப்பது முதலில் பிள்ளையின் கடமை, மருமகள் அப்புறம்தான். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

அந்த வீடியோ விஷயம். மன உறுதி செலவாகித் தீர்ந்துபோகும் ஒன்று என்று அமெரிக்க உளவியலாளர் ராய் பாமைஸ்டர் 1998-ல் சொன்னது பெரிதாகப் பரவியது. 2016-ல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 2,000 பேருக்கு மேல் வைத்துச் சோதித்ததில் அப்படி ஒரு விளைவு ஏறக்குறைய தென்படவே இல்லை. உங்கள் களைப்பு பொய் என்று சொல்லவில்லை. மூளையில் பெட்ரோல் தீர்ந்த மாதிரி பேச வேண்டாம் என்கிறேன், ஏனென்றால் அப்படிப் பேசினால் ரெஸ்ட் எடுத்தால் போதும் என்று தோன்றும், வீட்டில் எதுவும் மாறாது.

நம் பாட்டிமார் தினமும் டிபனுக்கு யோசித்தார்களா என்ன? மாவு ஆட்டினால் முதல் இரண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை, நன்றாகப் புளித்தால் ஊத்தப்பம். செவ்வாய், வெள்ளி கவுச்சி கிடையாது, ஞாயிறு கறி. (அவர்களுக்கு வேறு ஆயிரம் கஷ்டம் இருந்தது, அது தனிக் கதை.) நீங்களும் கிழமைக்கு ஒன்று என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். யாராவது கேட்டால் வாயைத் திறக்காமல் அதைக் காட்டுங்கள்.

காய்கறி முழுக்க அவர் பொறுப்பு. எதை வாங்குவது என்பதும் அவர்தான், சொத்தையாக வந்தாலும் வீட்டில் அதுதான் சமையல், நீங்கள் மூச்சு விடக் கூடாது. உங்களால் முடியாத பகுதி இதுதான் என்று எனக்குத் தெரியும். டியூஷனை மகளே யோசித்து வந்து சொல்லட்டும். மொய்யைப் பழைய நோட்டைப் பார்த்து எழுதுங்கள், அவர்கள் நமக்கு என்ன செய்தார்களோ அதற்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

வேலையை விடும் பேச்சை இப்போதைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். விட்டால் சம்பளம்தான் போகும், கேள்விகள் பகலிலும் வரும். மாமியாரின் அடுத்த செக்கப்புக்கு அவர் மகனே லீவு போட்டுக் கூட்டிப் போகட்டும். ஃபைல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்பதை அவர் வந்து உங்களுக்குச் சொல்லட்டும்.